ஜெட்டிக் கால்கள்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையை ஒட்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா தொடங்கி வளர்த்த இடம். 1993-இல் அங்கே எம்.எஸ்சி. படிக்கச் சேர்ந்தேன். அண்ணாமலை நகரில் அறை எடுத்துத் தங்கி, சிதம்பரத்தில் பஸ் பிடித்து, பு.முட்லூரில் கிழக்கே திரும்பிப் போய் வந்துகொண்டிருந்தேன். கடல் உயிரியல் என்றால் பவளப்பாறை, வண்ண மீன், தெளிந்த நீலத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். என் முன்னால் இருந்ததோ கலங்கிய பழுப்புத் தண்ணீரும் சேறும், படகு கட்டும் ஜெட்டிக்காக நட்டிருந்த சவுக்குக் கால்களும்தான்.

முதல் ஆண்டு களப்பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்த வேலை, அந்தக் கால்களில் ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் சதுரத்தைச் சுரண்டி எடுத்து, அதில் இருக்கும் உயிர்களை எண்ணுவது. படகில் எங்களை அழைத்துப்போனவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடுப்பை ஊன்றி, படகைக் காலோடு அணைத்து நிறுத்தினார்.

"வத்தம் இன்னும் ஒரு மணி நேரந்தான் தம்பி. ஏத்தம் ஆரம்பிச்சா ஒண்ணும் தெரியாது. வெரசா பாருங்க" என்றார். கடல் தண்ணீர் இறங்குவது வத்தம், ஏறுவது ஏத்தம்.

உள்ளங்கை அளவுதான் சுரண்டினேன். அதை எண்ணி முடிக்க ஆய்வகத்தில் ஒரு முழு மாலை ஆனது. கொட்டலசு மட்டும் நூற்று முப்பதுக்கு மேல். பாடப் புத்தகத்தில் பார்னக்கிள் என்று படித்ததற்குத் தமிழில் கொட்டலசு என்று பெயர். அவற்றின் இடுக்குகளில் சின்னச் சிப்பிகள், குழாய் கட்டிக்கொண்டு வாழும் புழுக்கள், அரிசி அளவு நண்டுகள், நூல் போன்ற பாசிகள். செத்துப்போன ஒரு கொட்டலசின் காலி ஓட்டுக்குள்ளிருந்து, சுண்டுவிரலில் பாதி நீளமுள்ள ஒரு மீன் தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தது. பிளென்னி என்ற இனம். உடம்பில் செதில் கிடையாது, வழவழவென்று இருக்கும். பெண் மீன் சிப்பி ஓட்டுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளிவரும்வரை ஆண் மீன் வாசலில் உட்கார்ந்து காவல் காக்கும். அன்று அந்தத் தலையைப் பார்த்த பிறகு பவளப்பாறை ஆசை எனக்குக் குறைந்துபோனது.

ஜெட்டிக் காலை வத்த நேரத்தில் பார்த்தால் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகக் கோடு போட்டதுபோல் இருக்கும். உச்சியில், அலை தெறிக்கும் இடத்தில், சின்ன நத்தைகள். தண்ணீர் ஏறும்போது நனைந்து வடியும்போது காயும் பகுதியில் கொட்டலசு. அதற்குக் கீழே சிப்பிகள் ஒன்றின்மேல் ஒன்றாக. இன்னும் கீழே, அநேகமாக எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில், கடற்பஞ்சும் மென்மையான சதைப்பிடிப்புள்ள உயிர்களும். யார் எவ்வளவு நேரம் வெயிலைத் தாங்குவார், யாரை யார் தின்பார் என்பதுதான் அந்தக் கோடுகளைப் போடுகிறது. கடற்கரை முழுவதும் பரந்து கிடக்கும் ஒரு பாடம், ஆள் உயரத்துக்கும் குறைவான ஒரே மரத்தில் எழுதியிருக்கிறது.

படித்து முடித்தேன். ஆராய்ச்சிக்குப் போக வீட்டு நிலைமை இடம் தரவில்லை. பள்ளியில் விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்து, அண்ணாமலை நகரிலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடும்பமும் ஆனது. வெள்ளாற்றங்கரைக்குப் போவது வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை என்று சுருங்கியது.

2009-இல் சென்னையில் ஒரு நண்பரின் வீட்டில் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பார்த்தேன். வெளிநாட்டு விளக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம், பொடி வாங்கிக் கரைத்த செயற்கைக் கடல்நீர், நடுவில் பவளம். அழகுதான். ஆனால் அந்தப் பவளம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் தெளிவான பதில் இல்லை. நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கடல்குதிரையும் அப்படியே. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஊருக்குத் திரும்பும் ரயிலில் என் மனதில் ஓடியது வேறு ஒன்று. பவளம் வேண்டாம், குளிரூட்டி வேண்டாம், எனக்குத் தெரிந்த அந்தச் சவுக்குக் காலை அப்படியே வீட்டுக் கூடத்தில் நிறுத்த முடியுமா?

கண்ணாடித் தொட்டியில் கடலை வைத்துக் காட்டுவது நமக்குப் புதிதில்லை. 1909-லேயே மெட்ராஸ் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்திருந்தார்கள். பரங்கிப்பேட்டை மையத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரிக்க வைத்து வளர்க்கும் கூடம் உண்டு. அங்கெல்லாம் மீன்தான் நாயகன். என் தொட்டியில் கால்தான் நாயகன். மீன்கள் அதில் குடியிருப்பவை.

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்று அளவு கொடுத்து, பத்து மில்லிமீட்டர் கண்ணாடியில் தொட்டி ஒட்டச் சொன்னேன். சிலிக்கான் பசை காயும்வரை வீடு முழுக்கக் காடி வாடை. தண்ணீர் பதினாறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். கால்கள் தண்ணீருக்கு மேலே எட்டங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நத்தைக்கும் காற்று வேண்டும், கொட்டலசுக்கும் காய்வதற்கு நேரம் வேண்டும். முழுத் தண்ணீர் நிரப்பிய தொட்டி வெறும் மீன் தொட்டிதான். ஜெட்டி ஆகாது.

உண்மையான மரக்காலையே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். துறையில் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு பழைய சவுக்குக் காலைக் கேட்டு வாங்கிவந்து, கொல்லையில் போட்டு அரிவாளால் பிளந்தேன். வெளியே திடமாகத் தெரிந்த மரம் உள்ளே தேனடைபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தது. கப்பல் புழுவின் வேலை. பார்ப்பதற்குப் புழு, பிறப்பால் அது சிப்பி இனம். தலைப்பக்கம் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளை அரம்போல் வைத்து மரத்தைக் குடைந்துகொண்டே போகும், பின்னால் சுண்ணாம்புச் சுவர் எழுப்பிக்கொண்டே வரும். மார்க் புருனெல் என்ற பொறியாளர் இதைக் கவனித்துத்தான் சுரங்கம் தோண்டும் கேடயத்தை வடிவமைத்தார் என்பார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் அந்த முறையில் தோண்டிய சுரங்கப்பாதை 1843-இல் திறக்கப்பட்டது. மூடிய தொட்டியில் இந்த மரத்தை வைத்தால் உள்ளே இருக்கும் புழுக்கள் செத்து அழுகும், மரச்சாறு இறங்கித் தண்ணீர் கறுக்கும். தார் பூசிய மரம் என்றால் அது நேரடி விஷம். மரத்தைக் கைவிட்டேன்.

நாலங்குலப் பிளாஸ்டிக் குழாய் மூன்று துண்டு வாங்கினேன். உள்ளே மணலை நிரப்பி, வெளியே சுரசுரப்பாகத் தேய்த்து, சிமெண்டும் ஆற்று மணலும் குழைத்துப் பூசினேன். பூச்சு ஈரமாக இருக்கும்போதே சவுக்குப் பட்டையைச் சுற்றிவைத்து அழுத்தி எடுத்ததும், பட்டையின் வரி அப்படியே சிமெண்டில் பதிந்தது. சுண்ணாம்புக்காகக் குவித்துவைத்திருந்த கிளிஞ்சல் குவியலில் கேட்டு வாங்கிய சிப்பி ஓடுகளையும், கரையில் பொறுக்கிய காலிக் கொட்டலசு ஓடுகளையும் வேகவைத்துக் காயவைத்து அங்கங்கே பதித்தேன். ஓடுகளின் வாய் வெளிப்பக்கம் பார்த்து இருக்கும்படி கவனமாக வைத்தேன். பிளென்னிக்கு வீடு வேண்டுமே.

புதுச் சிமெண்டை அப்படியே கடல்நீரில் இறக்கக் கூடாது. அதிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். கடல்நீரின் பி.எச். எட்டுக்குச் சற்று மேலே இருக்கும். என் கால்கள் ஊறிய வாளியில் முதல் நாள் பதினொன்றைத் தாண்டியது. மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, ஆறு வாரம் ஊறவைத்தேன். துணி துவைக்கும் தொட்டியை நான் ஆறு வாரம் பிடித்துவைத்திருந்ததை என் மனைவி பொறுத்துக்கொண்டார். "மூணு தூணுக்கு இவ்வளவு நாளாங்க?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

தண்ணீர் எடுக்க எந்த மாதம் என்பது முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறு பெருக்கெடுத்தால், முகத்துவாரம் வரையிலும் தண்ணீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் அதே இடத்தில் கடலின் முழு உப்பு, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு வரை ஏறும். என் கால்களில் குடியேறப்போகிற உயிர்கள் இந்த இரண்டையும் பார்த்தவை. இதமான ஒரே சூட்டில், ஒரே உப்பில் வாழப் பழகிய பவள உயிர்களுக்கும் இவற்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. கூடத்தில் மே மாதம் தண்ணீர் 32 டிகிரி தொட்டாலும் இவை சாகா என்ற நம்பிக்கையில்தான் குளிரூட்டி இல்லாமல் துணிந்தேன். 2010 பிப்ரவரியில், ஏத்தம் உச்சியில் நிற்கும் நேரம் பார்த்து, இருபது லிட்டர் கேன்கள் பதினைந்து நிரப்பி, குட்டி யானை வண்டியில் ஏற்றிவந்தோம். இரட்டை வேட்டித் துணியில் வடிகட்டி, மூன்று வாரம் இருட்டில் வைத்துத் தெளியவிட்டேன்.

தண்ணீரை ஊற்றிய பிறகும் மீன் விட முடியாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் மணலிலும் காலிலும் குடியேறாமல் மீனை விட்டால், மீன் தன் கழிவிலேயே செத்துப்போகும். ஒரு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டு, தினமும் சோதனைக் குப்பியில் நிறம் பார்த்துக் குறித்துவந்தேன். 38 நாள் ஆனது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மூன்று தூண்கள் நிற்கும் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மீன் எங்கே சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த 38 நாளும் வீணாகவில்லை. அதே சிமெண்டுப் பூச்சில் ஓட்டுத் துண்டுகள் எட்டு செய்து, கயிற்றில் கோத்து, பழைய படகுக்கார அண்ணனிடம் கொடுத்தேன். அவர் துறையில் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். கடலில் இறக்கும் எந்தப் பொருளின்மேலும் முதல் சில மணி நேரத்தில் பாக்டீரியாப் படலம் படியும். பிறகு நுண்பாசி. அதன்மேல்தான் கொட்டலசின் குஞ்சு வந்து இறங்கும். ஓட்டிலிருந்து வெளியேறும் குஞ்சு ஆறு வடிவங்களைக் கடந்து தண்ணீரில் மிதந்து திரிந்தபின், ஏழாவதாக ஒரு வடிவம் எடுக்கும். அந்த வடிவத்தில் அது எதையும் சாப்பிடாது. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துக்கொண்டு, தன் உணர்கொம்பால் இடத்தைத் தடவித் தடவி நடந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் விலகிப்போகும். பிடித்துவிட்டால் தலையைக் கீழே வைத்துப் பசையால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு ஆயுளுக்கும் இடமாற்றம் கிடையாது. ஆறு வாரம் கழித்து நான் போய்க் கயிற்றை இழுத்தபோது, எட்டுத் துண்டிலும் கொட்டலசு வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. ஒரு துண்டின் கயிற்றில் விரல் நீளக் கடல்குதிரை ஒன்று வாலைச் சுற்றிக்கொண்டு தொங்கியது. அதைக் கயிற்றோடு தண்ணீருக்குள் இறக்கி, தானாக விடும்வரை காத்திருந்து விட்டுவிட்டு வந்தேன்.

துண்டுகளைக் கால்களில் கட்டியாயிற்று. இனி ஏத்தமும் வத்தமும் வேண்டும். நான் செய்தது எளிய ஏற்பாடு. தொட்டியின் பக்கக் கண்ணாடியில் பத்தங்குல உயரத்தில் ஒரு துளை, பதினாறங்குல உயரத்தில் ஒரு துளை. இரண்டும் கீழே நிற்கும் நீல டிரம்முக்குப் போகும். கீழ்த் துளைக் குழாயின் திருகைப் பாதி மூடிவைத்தேன். டிரம்மிலிருக்கும் மோட்டார் ஓடினால், வடிவதைவிட வேகமாகத் தண்ணீர் ஏறிப் பதினாறங்குலத்தில் நிற்கும். மோட்டார் நின்றால் நாலு மணி நேரத்தில் மெல்லப் பத்தங்குலத்துக்கு இறங்கும். கிட்டத்தட்ட 85 லிட்டர் மேலும் கீழும் போய்வரும். முதல் இரவு டிரம்மில் ஏற்கெனவே இருந்த தண்ணீரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். விடியற்காலையில் கூடம் முழுக்கக் கடல்நீர், நடுவில் மகளின் பள்ளிப் பை.

மோட்டாருக்கு டைமர் வைத்தாலும் ஒரு குறை உண்டு. கடலில் ஏத்தம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், டைமர் தள்ளிப்போகாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் டைமரை ஆறு மணி நேரம் தள்ளிவைப்பது அப்போது மூன்றாம் வகுப்புப் படித்த என் மகளின் வேலை ஆனது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏத்தம் ஏன் பெரிதாகிறது என்று அவளுக்கு நான் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காலண்டரைப் பார்த்து அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மீன்கள் என்று பார்த்தால் சில்லறைதான். சிப்பிக் கூட்டத்திலிருந்து வந்த பிளென்னி இரண்டு. அடிமணலுக்குச் சின்ன உளுவை நான்கு. அவற்றின் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒட்டி ஒரு கிண்ணம்போல் ஆகியிருக்கும், அதை வைத்துக் காலில் செங்குத்தாகப் பற்றிக்கொண்டு நிற்கும். நடுத்தண்ணீருக்குக் கண்ணாடிமீன் ஒரு பத்து. முள் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு ஒளி ஊடுருவும் உடம்பு. வலையிலிருந்து பொறுக்கிக் கொடுத்தவற்றில் அழகான கறுப்புக் கோடு போட்ட ஒரு குஞ்சும் இருந்தது. கீச்சான். பிடித்தால் கையில் சத்தம் போடும். தெரிந்திருந்தும், இத்தனை சின்னது என்ன செய்துவிடும் என்று விட்டேன். கீச்சான் குஞ்சுகள் மற்ற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னும் பழக்கமுள்ளவை. மூன்றே நாளில் கண்ணாடிமீன் ஆறின் வால் இல்லை. அந்தத் தவறு முழுக்க முழுக்க என்னுடையது. அந்த ஆறும் பிழைக்கவில்லை.

இன்னொரு அதிர்ச்சி வேறு மாதிரி முடிந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, தண்ணீர் முழுக்கக் கொட்டலசின் கால்கள் வெள்ளையாக, இறகுபோல் மிதந்தன. எல்லாம் செத்துவிட்டன என்று நினைத்தேன். மனம் உடைந்து, பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஏத்தம் வந்ததும் ஒவ்வொரு கொட்டலசாக வாய் திறந்து, ஆறு ஜோடிக் கால்களை விசிறிபோல் விரித்து, தண்ணீரை வாரி உள்ளே இழுத்தது. மிதந்தது சட்டைதான். பாம்பு சட்டை உரிப்பதுபோல், ஓட்டுக்குள் இருக்கும் உடம்பின் தோலை அது அடிக்கடி உரித்துவிடும். இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்தது அல்லவா? தலையை ஊன்றி, காலால் சோறு வாரித் தின்று வாழும் இறால் என்று கொட்டலசைச் சொல்லலாம்.

சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டு இந்த ஒரு உயிரினத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். அப்பாமார்கள் எல்லோரும் வீட்டில் கொட்டலசு பார்ப்பவர்கள்தான் என்று நினைத்துக்கொண்ட அவருடைய பிள்ளை ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் எங்கே உட்கார்ந்து அதைப் பார்ப்பார் என்று கேட்டதாகச் சொல்வார்கள். என் மகளும் தொட்டி வைத்த வருடம் எங்கள் வீட்டுக்காரம்மாவிடம், "உங்க வீட்ல வத்தம் எத்தனை மணிக்கு பாட்டி?" என்று கேட்டாள்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இரவெல்லாம் காற்று. எங்கள் தெருவில் மரங்கள் கம்பியோடு சாய்ந்தன. கடலூர்ப் பக்கம் நிலைமை எங்களைவிடப் பல மடங்கு மோசம். பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. தலைமுறை தலைமுறையாக வைத்த மரங்கள். என் அக்கா வீட்டு ஓடு முழுக்கப் பறந்துவிட்டது. அவர்களை அழைத்துவந்து எங்களோடு வைத்துக்கொண்டோம். எங்கள் தெருவில் ஆறு நாள் மின்சாரம் இல்லை.

ஊரே குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது, ஒரு மீன் தொட்டியைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கே உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த உயிர்களைக் கொண்டுவந்து அடைத்தவன் நான்தான். மோட்டார் இல்லை, காற்றுக் குமிழி இல்லை. அரை நாளில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கின. யோசித்துப் பார்த்தேன். துறையில் இந்த உயிர்கள் மூச்சு முட்டினால் என்ன செய்யும்? வத்தம் வந்தால் கொட்டலசும் சிப்பியும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் காத்திருக்கும். அப்படியானால் வத்தத்தையே கொடுத்துவிடலாம். மோட்டார் நின்றதும் மூடிவைத்திருந்த கீழ்த் துளையைத் திறந்து தண்ணீரைப் பத்தங்குலத்துக்கு இறக்கினேன். கால்களின் மேல்பாதி காற்றுக்கு வந்தது. அங்கிருந்தவை மூடிக்கொண்டன. தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனைக் கேட்கும் வாய்கள் பாதியாகக் குறைந்தன. ஆழம் குறைந்ததால் காற்று படும் பரப்பும் தண்ணீருக்குப் போதுமானதாக ஆனது. ஈரத்துணியைக் கால்களில் சுற்றினோம். மீதியைச் செம்பு செய்தது. என் மனைவி, மகள், அக்கா பிள்ளைகள், நான் என்று முறைவைத்து, கால்மணி நேரத்துக்கு ஒருமுறை எவர்சில்வர் செம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். நாளுக்கு இரண்டு தடவை டிரம் தண்ணீரை வாளியில் மொண்டு ஏற்றி, ஒரு மணி நேர ஏத்தம் கொடுத்து மறுபடி இறக்கினோம். இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அக்கா மகன் செம்போடு உட்கார்ந்து தூங்கிப்போனதை இப்போதும் சொல்லுவோம்.

ஆறாம் நாள் மின்சாரம் வந்தபோது கண்ணாடிமீன் எல்லாம் போயிருந்தன. உளுவையில் மூன்று, பிளென்னி இரண்டும் இருந்தன. கொட்டலசும் சிப்பியும் மிகச் சில தவிர அத்தனையும் உயிரோடு இருந்தன.

அதற்கு அடுத்த வருடம் படகுக்கார அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார். அவருக்கு அப்போது அறுபதை நெருங்கியிருக்கும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியின் முன் நின்றார். ஏத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மேல் வரிசைக் கொட்டலசுகள் ஒவ்வொன்றாக நனைந்து, திறந்து, விசிறியை நீட்டின. டீ ஆறிப்போகும்வரை பேசவில்லை.

"நாப்பது வருசமா இது மேலதான் தம்பி கயிறு கட்டுறேன். எத்தன தடவ என் கையக் கிழிச்சிருக்கு. இது கைய நீட்டிச் சாப்புடும்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். வத்தத்தில் கொட்டலசு கண்ணுக்குத் தெரியும், ஆனால் மூடியிருக்கும். ஏத்தத்தில் திறந்திருக்கும், ஆனால் கலங்கல் தண்ணீர் மறைத்துவிடும். துறையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் அது கிடைக்காத காட்சி. அந்தத் தொட்டியால் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

வீடு மாறியபோது, 2017-இல், தொட்டியைக் கலைத்தேன். மீன்களையும் ஓட்டுத் துண்டுகளையும் எடுத்த துறையிலேயே விட்டிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஏழு வருடம் மூடிய தண்ணீரில் இருந்தவற்றை, இடையில் வேறு எங்கிருந்தெல்லாமோ வாங்கிச் சேர்த்த நத்தையோடும் பாசியோடும் ஆற்றில் விட எனக்கு மனம் வரவில்லை. வாளியில் எடுத்துப்போய் ஒரு கல்லூரி ஆய்வகத் தொட்டிக்குக் கொடுத்தேன். கடல்நீரில் குளோரின் கலந்து, ஒரு நாள் வைத்திருந்து, கழிவு நீராகக் கொட்டினேன். எண்ணூர், பழவேற்காடு பக்கம் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் தென்னமெரிக்க ஆழி இன்று ஆற்றின் அடிமண்ணை மூடி, இறாலுக்கு இடமில்லாமல் செய்திருக்கிறது. கப்பலோடு வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிற அந்நிய உயிர் அது. கால்களில் ஒட்டி வாழும் உயிர்களுக்கு ஊர்விட்டு ஊர் போவது எவ்வளவு எளிது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டியில் இருந்த எதையும், ஒரு சொட்டுத் தண்ணீரையும்கூட, ஆற்றிலோ கடலிலோ விடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

சிமெண்டுக் கால்கள் மூன்றும் இப்போது என் வீட்டுத் தோட்டத்தில், மல்லிகைக் கொடிக்குப் பந்தலாக நிற்கின்றன. சவுக்குப் பட்டையின் வரி இன்னும் அழியவில்லை.

தொட்டி கட்டத்தான் வேண்டும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். பிச்சாவரத்துக்குப் போகிறீர்கள், கடலூர் முதுநகர்த் துறைக்குப் போகிறீர்கள், பரங்கிப்பேட்டைக்குப் போகிறீர்கள். படகில் ஏறுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் குனிந்து, படகு கட்டியிருக்கும் காலைப் பாருங்கள். எதையும் சுரண்ட வேண்டாம், பிடுங்க வேண்டாம். காலிக் கொட்டலசு ஓடு இருந்தால் அதற்குள் ஒரு மீன்தலை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். வத்தம் எத்தனை மணிக்கு என்று தெரியாவிட்டால், துறையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாரையாவது கேளுங்கள். சொல்வார்கள்.